மகள் கேட்கும் வைர மோதிரம்

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மணப்பெண் சிறப்பிதழ்களையும் போனையும் வைத்துக்கொண்டு தினம் ஒரு புது ஆசையோடு வருகிறாள். நிச்சயத்துக்கு வைர மோதிரம் வேண்டுமாம், ஊட்டியில் ப்ரீ வெட்டிங் ஷூட்டாம். கேட்டால் "எல்லாரும் செய்றாங்கம்மா" என்கிறாள். அவள் அப்பா வீட்டில் கத்துகிறார். 'சேதாரம் இல்லை' என்று வரும் நகைக்கடை விளம்பரத்தையாவது நம்பலாமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில், மகளைத் திட்டாதீர்கள் அம்மா. 'வாங்கு' என்று சொல்லும் விளம்பரத்தை நாம் எல்லோருமே சுலபமாகத் தள்ளிவிடுவோம். 'இதுதான் முறை' என்று சொல்வதைத் தள்ளுவதுதான் கஷ்டம். "எல்லாரும் செய்றாங்க" என்று அவளுக்குத் தோன்றுகிறது பாருங்கள், காசு கொடுத்து உண்டாக்கிய எண்ணம் அது.

அந்த வைர மோதிரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1938இல் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனம் அமெரிக்காவில் என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தியது. வைரம் என்றால் காதல், மோதிரம் இல்லாமல் நிச்சயமே இல்லை என்று ஜனங்கள் மனதில் பதியவைப்பதுதான் வேலை. சினிமா நட்சத்திரங்களின் மோதிரக் கதைகள் பத்திரிகைகளுக்குப் போயின. 'வைரம் என்றென்றும்' என்ற வாசகத்தை 1947இல் எழுதியவர் அந்த விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த பிரான்சிஸ் ஜெராட்டி. 1980களில் 'இரண்டு மாதச் சம்பளத்தை மோதிரத்தில் போடுவது தப்பா?' என்கிற அளவுக்கு விளம்பரங்கள் வந்தன. ஜப்பானில் 1960களின் நடுவில் இந்தப் பழக்கமே அநேகமாகக் கிடையாது. 1981 வாக்கில் அங்கே ஐந்தில் மூன்று மணப்பெண்கள் கையில் வைரம்! பாட்டி கேள்விப்படாதது பேத்திக்குச் சம்பிரதாயம் ஆகிவிட்டது.

இன்று இரவு மகளோடு உட்கார்ந்து அந்த இதழைப் புரட்டுங்கள். மணப்பெண் படத்தின் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் புடவை இன்ன கடை, நகை இன்ன கடை, மேக்கப் இன்னார் என்று இருக்கும். பெரும்பாலும் அவள் மாடல், நகை கடையிலிருந்து படப்பிடிப்புக்காக வந்தது. எங்கள் இதழும் சுத்தம் என்று சொல்லவில்லை. பின்னட்டையைத் திருப்பினால் நீங்களே சிரிப்பீர்கள்.

சேதாரத்துக்கு வருகிறேன். ஐந்து பவுன் ஆரத்துக்கு 18 சதவீதம் சேதாரம் என்றால் 7.2 கிராம். கிட்டத்தட்ட ஒரு பவுன் காசு! அதனால்தான் 'சேதாரம் இல்லை' என்ற போர்டைப் பார்த்ததும் கால் தானாகக் கடைக்குள் போகிறது. செய்கூலி எவ்வளவு, சலுகை எந்த டிசைன்களுக்கு என்று கேளுங்கள். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட்டார்களா என்று பில்லில் பாருங்கள். சேதாரத்தில் விட்டதைச் செய்கூலியில் பிடிக்கும் கடைகளும் உண்டு. ஒரே எடை, ஒரே மாதிரி வேலைப்பாட்டுக்கு இரண்டு கடைகளில் கடைசி விலையைக் கேட்டால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்க வேண்டும்; இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

வைரத்தைத் திரும்ப விற்றால் தங்கம் போல விலை வராது, இதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், நகை போக மிச்சச் செலவுக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை அவள் கையில் கொடுத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று அவளையே முடிவு செய்யச் சொல்லுங்கள். மோதிரம்தான் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளட்டும், மேடை அலங்காரத்தில் குறையும், அவ்வளவுதானே. போட்டோ எடுக்க ஊட்டிக்குத்தான் போக வேண்டுமா என்ன? உங்கள் கரூர்ப் பக்கத்து மாயனூர் கதவணைப் பக்கம் சாயங்கால வெயிலில் காவிரி நன்றாகவே இருக்கும். அவள் அப்பாவைச் சம்மதிக்க வைப்பது மட்டும் உங்கள் பாடு.