வாசகர் கேள்விகள்: உம் கொட்டும் கிட்டார்

கேள்வி: கிட்டார் கலைஞரும் பாடகருமான மார்க் நாஃப்ளரின் 'ஒன் டீப் ரிவர்' ஆல்பம் வந்து நாளாகிறது. சாக்குக் கிடைத்தால் அவர் பெயரை இழுத்துவரும் நீங்கள் ஏன் வாயே திறக்கவில்லை?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: ஏமாற்றம்தான், வேறென்ன! 2018க்குப் பிறகு 2024 ஏப்ரல் 12ஆம் தேதிதான் அவருடைய அடுத்த ஆல்பமான 'ஒன் டீப் ரிவர்' வந்தது. அன்று இரவே பன்னிரண்டு பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்டேன். அவருடைய பழைய பாட்டான 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' முடியும் தறுவாயில் விரல்கள் பறக்குமே, அப்படி ஓர் ஓட்டம் எங்காவது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பாயசம் வரும் என்று இலையை மூடாமல் காத்திருந்து, கடைசியில் கைகழுவப் போனவனின் நிலைமை. இந்தப் பக்கத்தில் வந்து புலம்ப வேண்டாமே என்று சும்மா இருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீரை ஆய்ந்துகொண்டே மறுபடியும் போட்டேன். எதையும் எதிர்பார்க்காமல் கேட்டதால் பிடிபட்டது. கிட்டார் ஓய்ந்திருக்கவில்லை. ஒவ்வோர் அடி பாடி முடித்ததும் இரண்டு மூன்று சுரங்களில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது, கதை கேட்பவர் 'உம்' கொட்டுவதைப் போல. நாஃப்ளர் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடிக்காமல் விரல்களாலேயே மீட்டுபவர். நகமும் சதையும் தந்தியை நேரே தொடுவதால் அந்த 'உம்'மில்கூட ஒரு மனிதக் குரல் இருக்கிறது. முதல் பாட்டான 'டூ பேர்ஸ் ஆஃப் ஹேண்ட்ஸ்', மேடையில் நிற்பவனுக்கு இரண்டு கைகள் போதவில்லை என்கிறது. வாசிப்பைக் கேட்டால் ஒரு கையே மிச்சம் என்று தோன்றுகிறது!

கேள்வி: 'இவர் பாடுகிறாரா, பேசுகிறாரா?' என்று என் மகள் கேட்கிறாள்.
– வாசகி, திருச்சி

பதில்: முன்பு மட்டும் பாடினார் என்று யார் சொன்னது? ஆல்பம் வெளியானபோது அவருக்கு 74 வயது. குரல் இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. மகளை 'டனல் 13' கேட்கச் சொல்லுங்கள். 1923இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மூன்று சகோதரர்கள் ஒரு ரயிலை மறித்தார்கள். தபால் ஏற்றிவந்த ரயில் பெட்டியை வெடிவைத்துத் தகர்த்தார்கள். நான்கு பேரைக் கொன்றுவிட்டு வெறுங்கையோடு ஓடினார்கள். அந்த உண்மைக் கதைதான் பாட்டு. தொண்டை கிழியப் பாடினால் இது கூத்தாகிவிடும். திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்வதால்தான் முதுகு சில்லிடுகிறது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்தது எது?
– வாசகர், நாமக்கல்

பதில்: 'பிளாக் டை ஜாப்ஸ்'. இசைக்கு வருமுன் நாஃப்ளர் லீட்ஸ் நகரில் நிருபராக இருந்தவர். துக்க வீட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போகும் இளம் நிருபர்களைப் பற்றிய பாட்டு இது. அவர்கள் ஊரில் அதற்குக் கறுப்பு டை. நமக்கு டை கிடையாது, வேலை அதேதான்.

1987இல் ஒரு நாளிதழில் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பஸ் விபத்தில் இறந்த ஒரு கல்லூரி மாணவனின் படம் வாங்கிவர அனுப்பினார்கள். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றது நினைவிருக்கிறது. அவனுடைய அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து, ஹால் டிக்கெட்டுக்காக எடுத்த படத்தைக் கொடுத்தார். இருந்தது அந்த ஒரு பிரதிதான். அச்சானதும் திருப்பிக் கொடுக்கப் போனேன். அலுவலகத்தில் கை மாறி மாறிப் படத்தின் ஒரு மூலை மடங்கியிருந்தது. நான் நீட்டிய பேப்பரை அந்த அம்மா பார்க்கவே இல்லை. மடங்கிய மூலையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

இந்தப் பாட்டை இதுவரை நான்கு முறைதான் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: ஆல்பத்தின் பெயரில் வருவது எந்த ஆறு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: டைன். கிளாஸ்கோவில் பிறந்தாலும் நாஃப்ளர் வளர்ந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஓடும் நியூகாசில் பக்கம். தலைப்புப் பாடலைக் கடைசியில் வைத்திருக்கிறார். காவிரிக்கரைக்காரரான உங்களுக்கு நான் வேறு விளக்க வேண்டுமா?

கேள்வி: கிட்டார்களையெல்லாம் விற்றுவிட்டாராமே, ஓய்வு பெறப்போகிறாரா?
– வாசகர், வேலூர்

பதில்: எல்லாவற்றையும் இல்லை. 2024 ஜனவரி 31 அன்று லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் கிட்டார்களும் ஆம்ப்ளிஃபயர்களுமாக 120க்கும் மேற்பட்டவை போயின. மொத்தம் 88 லட்சம் பவுண்டு. அதில் கால் பங்கு அறக்கொடைக்கு. என் வீட்டுப் பரணில் இரண்டு தந்தி அறுந்த கிட்டார் ஒன்று இருக்கிறது. கேட்பாரில்லை.

கேள்வி: நாஃப்ளரை நான் கேட்டதே இல்லை. இதிலிருந்து தொடங்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். அவருடைய இசைக்குழுவான டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 1978இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். (டயர் என்றதும் பஞ்சர் கடை நினைவுக்கு வரக்கூடாது; 'கடும் நெருக்கடி' என்று பொருள். கையில் காசில்லாத காலத்தில் வைத்த பெயர்.) பிறகு 'லோக்கல் ஹீரோ' படத்தின் இசை, அதன் பிறகு 1985இல் வந்த 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்'. அவற்றை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள். வரும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையும் கையில் இருக்கட்டும்.