நாணை இறக்கும் முன் அளவெடுங்கள்: வில்லின் பிடிக்கு அச்சு

கேள்வி: என் பழைய மரவில்லின் பிடி கைக்குக் கச்சிதமாக இருக்கிறது. புதிதாகச் செய்யும் வில்லிலும் அதே பிடி வேண்டும். அச்சு எடுப்பது எப்படி?

பதில்: பிடியின் வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் போதாது. அது நாணுக்கு எவ்வளவு தள்ளி, எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் கைக்குப் பொருந்துகிறது. சாய்வு சில பாகை மாறினாலே மணிக்கட்டு வேறு விதமாக மடங்கும். அதனால் நாணேற்றிய நிலையிலேயே மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிடியின் மிகக் குழிந்த இடத்திலிருந்து நாண் வரையுள்ள தூரம், அதே இடத்திலிருந்து அம்பு அமரும் தட்டின் உயரம், நாணோடு ஒப்பிட்டால் பிடியின் சாய்வு. வில்லின் நடுக்கோட்டையும் பிடிக்கு மேலும் கீழும் பென்சிலால் போடுங்கள்.

பிறகு நாணை இறக்கி, வில்லைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். பிடியின் பாதி உயரம் வரை மாடலிங் களிமண்ணை அணைத்து, மேற்பரப்பில் விரல்நுனியால் நான்கைந்து குழிகள் அழுத்துங்கள். அச்சின் இரண்டு பாதிகளும் பின்னால் விலகாமல் கவ்விக்கொள்ள அவைதான் உதவும். பாதிகள் சேரும் கோட்டை நடுவில் விடாமல், விரல்கள் மடங்கும் பக்கமாக ஐந்து மில்லிமீட்டர் நகர்த்துங்கள். வார்ப்பில் அந்தக் கோடு மேடாக நிற்கும், தேய்த்தே ஆகவேண்டும். கட்டைவிரல் அடிச்சதை அழுந்தும் இடத்தைத் தேய்த்தால் இவ்வளவு பாடுபட்டு எடுத்த வடிவம் அங்கேயே போய்விடும்.

அச்சுக்குச் சிலிகான் ரப்பரே நல்லது. பிளாஸ்டர் வளையாது, குழிந்த இடங்களில் மாட்டிக்கொள்ளும். பிளாட்டினம் சேர்மத்தால் இறுகும் ‘பிளாட்டினம் வகை’ச் சிலிகான் என்றால் களிமண்ணில் கந்தகம் இருக்கக்கூடாது. லேடெக்ஸ் கையுறையும் ஆகாது. இரண்டுமே அதை இறுகவிடாமல் பிசுபிசுப்பாக நிறுத்திவிடும். புட்டியில் சொன்ன விகிதத்தை எடைத்தராசில் நிறுத்துக் கலக்குங்கள், கண்ணளவு வேண்டாம். முதல் பூச்சைத் தூரிகையால் தடவி, மீதியை ஒரு மூலையிலிருந்து நூல்போல ஊற்றினால் குமிழி குறையும். ரப்பரின் தடிமன் எங்கும் 10 மில்லிமீட்டருக்குக் குறையவேண்டாம். இறுகியதும் வில்லைத் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, வெளிப்பட்ட சிலிகான்மேல் வாசலினை மிக மெல்லிதாகப் பூசிய பிறகே இரண்டாம் பாதியை ஊற்றுங்கள். சிலிகான் வேறெதிலும் அவ்வளவாக ஒட்டாது, சிலிகானில் ஒட்டும். பூச மறந்தால் ஒரே கட்டியைத்தான் கத்தியால் பிளக்க வேண்டியிருக்கும். கடைசியில் வெளியே பிளாஸ்டர் கூடு போடுங்கள். வார்க்கும்போது ரப்பர் நெளியாது.

பழைய பிடியில் தோல் சுற்றியிருக்கிறதா? புதியதிலும் சுற்றுவதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் தோலோடே அச்சு எடுங்கள், கை பழகியது அந்தத் தடிமனுக்குத்தான்.

வார்ப்புக்கு மெதுவாக இறுகும் எப்பாக்சி ரெசின் போதும். விரைவாக இறுகும் வகையைத் தடிமனாக ஊற்றினால் கடுமையாகச் சூடேறி வெடிப்பு விடும். பாலியூரித்தேன் ரெசின் ஈரம் பட்டால் நுரைக்கும். மரத்தோடு சேர்த்து வார்க்கிறீர்கள் என்றால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே துண்டாகச் செய்யும் வில்லில், இழுவிசையைத் தாங்குவது பிடிக்குள் இருக்கும் மரம். ரெசினுக்கு இடம் வேண்டுமென்று அதைச் செதுக்கி மெலிய வைத்தால் முழு இழுப்பில் கைக்குள்ளேயே முறியலாம். ரெசின் மேல்தோலாக இருக்கட்டும். மரத்துக்குத் தேவையான தடிமன் போக இடமில்லையென்றால், வார்ப்பைத் தனியாக எடுத்து மாதிரியாக வைத்துக்கொண்டு, அதன் குறுக்குவெட்டுகளை 20 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அட்டையில் வெட்டி, மரத்தையே அந்த அளவுக்கு இழைத்துக்கொள்ளுங்கள்.