வாசகர் கேள்வி: வளாகத்து மழைநீர்

கேள்வி: மழை கொட்டினால் எங்கள் பல்கலைக்கழக நடைபாதை குளமாகிறது. மாணவர்கள் சேர்ந்து என்ன செய்யலாம்?
– மாணவி, மொரீஷியஸ்

பதில்: மண்வெட்டிக்கு முன் குடையை எடுங்கள். மழை நாளில் இருவர் இருவராகப் போய், எந்தக் கூரைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் வெளியே போகவே வேண்டாம். 2013 மார்ச் 30 அன்று உங்கள் தலைநகர் போர்ட் லூயிஸில் வந்த திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள்.

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 200 ச.மீ. கூரையில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். இந்த நீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்க, செடி நட்ட ஆழமில்லாத பள்ளம் ஒன்றை, அதாவது மழைத்தோட்டத்தை, அமைக்கலாம். ஆனால் 20 ச.மீ. பரப்பும் 15 செ.மீ. ஆழமும் இருந்தால் அதில் 3,000 லிட்டர்தான் நிற்கும். மிச்சம் வழிந்து வடிகாலுக்குப் போக வாய்க்கால் கட்டாயம் வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

தோட்டம் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். முதலில் அங்கே 30 செ.மீ. குழி வெட்டி, ஒருமுறை நீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, உள்ளே அளவுகோலை நடுங்கள். மணிக்கு 1.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் வேறு இடம் பாருங்கள். வெட்டிய பள்ளத்துக்குள் யாரும் மிதிக்கக் கூடாது; ஆர்வத்தில் ஐம்பது பேர் இறங்கினால் மண் இறுகி, நீர் இறங்காது. தேங்கிய நீர் 48 மணி நேரத்தில் வற்றாவிட்டால் கொசு முட்டையிடும். கொசு பரப்பும் சிக்குன்குனியாவால் பட்ட பாடு இந்தத் தீவுக்குத் தெரியும். விளிம்பில் வெட்டிவேர் நடுங்கள். மண்ணை மூட மரச்சீவல் போடாதீர்கள், மிதந்துபோய் வடிகால் கம்பியை அடைக்கும்.

தோட்டப் பணியாளர்களை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போன பிறகும், நவம்பரில் புயல் பருவம் தொடங்குமுன் இலைச்சருகு வாரப்போவது அவர்கள்தான்.