சுண்ணாம்பு மண்ணும் நீர் நின்ற ஆழமும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் யூட்டா மாநில மேய்ச்சல் நிலங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். மணலும் வண்டலும் களியும் எதுவும் மிகாமல் கலந்த லோம் மண் அங்கே இருந்தும் அதில் புதரும் புல்லும் மட்டுமே விளைகின்றன என்றும், அம்மண்ணில் சுண்ணாம்பு மிகுதி என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் சுண்ணாம்புதான் நிலத்தைக் கெடுத்ததா? அது ஏன் மழையில் கரைந்து போகவில்லை? குடியாத்தம் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்திலும் இரண்டடி தோண்டினால் சுக்கான் என்ற இறுகிய சுண்ணாம்புப் படிவு தட்டுகிறது. வேர்க்கடலை மஞ்சளாகிறது, உரக்கடைக்காரர் ஜிப்சம் போடச் சொல்கிறார். சுக்கானை ஜேசிபி வைத்துப் பெயர்த்துவிடலாமா என்றும் யோசிக்கிறோம். இரண்டும் ஒரே மண்தானா?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

சுண்ணாம்பு அந்த நிலத்தைக் கெடுக்கவில்லை. நீர்க்குறைவு என்ற ஒரே காரணத்தால்தான் அங்கே சுண்ணாம்பும் தங்கியது, உழவும் வராமல் போனது. இரண்டும் அருகருகே இருப்பதால் ஒன்று மற்றொன்றை விளைவித்ததாகத் தோன்றுகிறது.

அங்கே ஆண்டுக்கு 200 முதல் 300 மி.மீ. வரைதான் நீர் கிடைக்கிறது; அதிலும் பெரும்பகுதி குளிர்காலப் பனியாக விழுந்து, வசந்தத்தில் உருகி மண்ணுக்குள் இறங்குகிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயு அந்த நீரில் கரைந்து அதற்கு மெல்லிய அமிலத்தன்மையைத் தர, மேல்மண்ணின் சுண்ணாம்பு கரைந்து கீழே போகிறது. குளிர்ந்த நீரில் கரியமில வாயுவும் சுண்ணாம்பும் கூடுதலாகக் கரையும் என்பதால் இந்த வேலைக்குப் பனிநீர் கோடை மழையைவிடப் பொருத்தமானது. ஆனால் ஒரு மீட்டர் ஆழமுள்ள லோம் மண் ஏறத்தாழ 150 முதல் 200 மி.மீ. நீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். உருகி இறங்கும் நீரோ அந்த அளவைத் தாண்டுவதில்லை. ஆகவே நீர் பாதியிலேயே நின்றுவிடுகிறது. செடிகள் அதை உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் இது நடந்தபின் குழி வெட்டிப் பார்த்தால், மேலே பழுப்பு மண்ணும் அதன் கீழே வெள்ளை பூத்த அடுக்கும் தெரியும். அந்த அடுக்கிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துப் புரட்டினால், தொடக்கநிலை மண்களில் அதன் அடிப்புறத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு ஒட்டியிருக்கும். இறங்கிய நீர் கல்லின் அடியில் தொங்கி நின்று உலர்ந்ததன் தடம் அது. வெள்ளை அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறதோ, நீர் வழக்கமாக அதுவரைதான் போயிருக்கிறது என்று கொள்ளலாம். மண்ணியலாளர் ஹான்ஸ் ஜென்னி 1941இல் வெளியிட்ட நூலில், மழை கூடக் கூட இந்த அடுக்கு ஆழத்துக்குப் போவதை அமெரிக்கச் சமவெளி மண்களைக் கொண்டு காட்டியிருக்கிறார்.

இவ்வளவு சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்றால், யூட்டாவின் மலைகளில் சுண்ணாம்புப் பாறை ஏராளம். மேலும் அம்மாநிலத்தின் மேற்குப் பகுதியை மூடியிருந்த பான்வில் என்ற பழைய ஏரி வற்றியபோது விட்டுச்சென்ற படிவுகளும், காற்று கொண்டுவரும் தூசியும் சேர்ந்துகொண்டன. சேஜ்பிரஷ் புதரும், குளிர்காலத்தில் ஆடுகள் விரும்பி மேயும் விண்டர்ஃபேட் செடியும் அந்த மண்ணில் நன்றாகவே வளர்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை அது கெட்ட மண்ணே அல்ல.

உங்கள் நிலத்துக் கதை வேறு. யூட்டாவில் அரை மீட்டர் ஆழத்தில் மண்ணின் ஆண்டுச் சராசரி வெப்பம் பெரும்பாலும் 8 முதல் 15 டிகிரி வரை. நம்மிடம் 22 டிகிரிக்கு மேல். வேலூர் வட்டாரத்தில் 900 மி.மீ.க்கும் மேல் மழை பெய்கிறது; மேட்டுச் செம்மண்ணில் சுண்ணாம்பு பெரும்பாலும் கழுவப்பட்டுவிடுகிறது. நம் பகுதியின் அடிப்பாறையான நைஸ் சிதையும்போது வெளிவரும் கால்சியம், மேட்டிலிருந்து கசிந்து வரும் நீரோடு தாழ்வான இடத்தில் சேர்ந்து, வெயிலில் நீர் வற்றும்போது சுக்கானாக இறுகுகிறது. உங்கள் மேல்மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறிய, ஒரு பிடி மண்ணில் எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து காதருகே வைத்துக் கேளுங்கள். இருந்தால் மெல்லிய இரைச்சலோடு நுரைக்கும்.

வேர்க்கடலையின் மஞ்சளுக்கு வருகிறேன். இளம் இலைகள் வெளுத்து நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால், அது இரும்புச் சத்துக் குறை. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்தைச் சந்தேகியுங்கள். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. ஆனால் சுண்ணாம்பு மண்ணின் கார அமில நிலையை (pH) 8ஐ ஒட்டியே பிடித்து வைக்கிறது, அந்த நிலையோ ஓர் அலகு ஏறினால் இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நிலம் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும் நாட்களில் மஞ்சள் கூடும், ஈரம் வடிந்தால் ஓரளவு தெளியும். இதையும் கவனித்துப் பாருங்கள். யூட்டாவின் புதர்க்காட்டில் நீர் போதாமை சிக்கல் என்றால், உங்கள் கடலைக்கு அந்த வாரங்களில் நீர் மிகுவதே சிக்கல். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து மாலையில் இலைகளில் தெளிக்கலாம். மறுபடி வெளுத்தால் மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும்.

ஜிப்சம் இந்த மஞ்சளைப் போக்காது. அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கான மருந்து. கடலையின் காய் திரட்சிக்கும் இடுவார்கள். ஆனால் சுண்ணாம்பு நிலத்தில் அதைத் தவிர்க்கச் சொல்வதே வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மண்ணின் கார அமில நிலை 8.5ஐத் தாண்டினால்தான் களரைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது உரக்கடைகளில் சாதாரணம், மூட்டையும் விற்றுவிடுகிறதல்லவா. கந்தகம் போட்டுச் சுண்ணாம்பைத் தீர்த்துவிடலாம் என்று சொல்பவர்களிடம் கணக்குக் கேளுங்கள். ஓர் ஏக்கரின் மேல் அரையடி மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு என்றாலே அது சுமார் 8 டன். அதைக் கரைக்க ஏறத்தாழ இரண்டரை டன் கந்தகம் வேண்டும். நூற்றுக்குப் பத்து என்றால் 25 டன்.

ஜேசிபி வேண்டாம். சுக்கானைப் பெயர்த்தால் இப்போது இரண்டடியில் கிடக்கும் சுண்ணாம்பு மேல்மண்ணோடு கலந்து, கடலையின் வேரைச் சுற்றிலும் வந்துவிடும். நீர் வடிய வழி இல்லையென்றால் சரிவை ஒட்டி வடிகால் வெட்டுங்கள். மரம் வைக்கும் எண்ணம் இருந்தால் மாவைத் தவிர்த்து, நெல்லியையோ இலந்தையையோ யோசிக்கலாம். எதற்கும் முன்பாக மேல் அரையடி மண்ணையும் சுக்கானுக்குச் சற்று மேலே உள்ள மண்ணையும் தனித்தனிப் பைகளில் எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், கார அமில நிலையோடு கட்டற்ற சுண்ணாம்பின் அளவையும் எங்கே பார்த்துத் தருவார்கள் என்று விசாரியுங்கள்.

அன்புடன்