யூகா சாசோ பிலிப்பைன்ஸ் வீராங்கனையா, ஜப்பான் வீராங்கனையா?

அமெரிக்க மகளிர் ஓப்பன் கோல்ஃப் போட்டியை இரண்டு முறை வென்ற யூகா சாசோவை எந்த நாட்டுக் கணக்கில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவேட்டுப்படி இதற்கு ஒரு வரியில் பதில் உண்டு. 2021-இல் வென்றபோது அவர் பெயருக்குப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ் கொடி, 2024-இல் வென்றபோது ஜப்பான் கொடி. இரண்டு நாடுகளுக்கும் அந்தக் கோப்பையை முதன்முதலில் வாங்கிக்கொடுத்தவர் அவர்தான்.

என்னைக் கேட்டால், அவரைப் பிலிப்பைன்ஸ் கோல்ஃப் வீராங்கனை என்றே சொல்வேன். கொடி மாற்றியதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. ஆனால் அவருடைய ஆட்டம் விளைந்த மண் அது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் ஐந்து வருடம் மணிலாவில் வேலை பார்த்தேன். மண்டலுயோங் பகுதியில் குடியிருந்தேன். பால்கனியில் நின்றால் கீழே வாக் வாக் கோல்ஃப் மைதானம் பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கும். அது என்ன பெயர் என்று ஆரம்பத்தில் புரியவில்லை. அந்த ஊர் மொழியில் காக்கைக்கு 'உவாக்' என்று பெயர், மைதானம் அமைத்த காலத்தில் அங்கே காக்கைகள் நிறையக் கரைந்துகொண்டிருக்கும், அதிலிருந்து வந்த பெயர் என்று சொன்னார்கள். நமக்குக் 'கா கா', அவர்களுக்கு 'உவாக் உவாக்'. பெயர்க்காரணம் தெரிந்த அன்றிலிருந்து அந்த இடம் எனக்கு நெருக்கமாகிவிட்டது.

உறுப்பினர் கட்டணத்தை நினைத்தால் உள்ளே கால் வைக்க முடியாது. நான் மட்டை பிடித்துப் பழகியது இன்ட்ராமுரோஸில். ஸ்பானியர் கட்டிய பழைய மணிலாவின் கோட்டைச் சுவரை ஒட்டிய பொது மைதானம் அது. ராத்திரி விளக்கு வெளிச்சத்திலும் ஆடலாம். அங்கே எனக்கு வழக்கமாகப் பை தூக்கிவந்த கேடி ஒருவர் இருந்தார். நான் அவரைக் 'குயா' என்பேன், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னைக் கடைசிவரை 'சார்' என்றே கூப்பிட்டார். பிலிப்பைன்ஸ் கோல்ஃப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் நடந்துகொண்டே சொன்னது.

அவர் முதலில் சொன்ன பெயர் லாரி மோன்டெஸ். பிலிப்பைன்ஸ் ஓப்பன் 1913-இல் தொடங்கிய போட்டி, ஆசியாவின் மிகப் பழைய போட்டிகளில் ஒன்று. முதல் பதினைந்து வருடங்களுக்கு மேல் அதை வெளிநாட்டவர்தான் வென்றார்கள். 1929-இல் அதை வென்ற முதல் உள்ளூர்க்காரர் மோன்டெஸ், கேடியாக இருந்து ஆட்டம் கற்றவர். அப்புறம் மொத்தம் பன்னிரண்டு முறை வென்றார்! பணக்காரர்களின் பையைத் தூக்கியவர் அதே புல்லில் அவர்களுக்கு மேலே நின்றார் என்று சொல்லும்போது குயாவின் குரலே மாறிவிடும். பென் ஆர்தா என்று இன்னொருவர், 1969-இல் நம் இந்தியன் ஓப்பனையும் வென்றவர். பெண்களில் டோரதி டெலாசின் அமெரிக்க மகளிர் தொழில்முறைத் தொடரில் நான்கு பட்டங்களும் ஜெனிபர் ரோசாலெஸ் இரண்டும் வென்றிருந்தார்கள். இருந்தும் மேஜர் என்று சொல்லப்படும் பெரிய போட்டி ஒன்றைக்கூட அந்த நாட்டு ஆணோ பெண்ணோ தொட்டதில்லை.

சாசோ கேடி வீட்டுப் பிள்ளை இல்லை. 2001-இல் மணிலாவுக்கு வடக்கே புலாக்கான் மாகாணத்தில் சான் இல்டெஃபோன்சோ என்ற ஊரில் பிறந்தார். அம்மா பிலிப்பைன்ஸ்காரர், அப்பா ஜப்பானியர். சின்ன வயதில் சில வருடம் ஜப்பானில் வளர்ந்தார். கோல்ஃப்தான் வாழ்க்கை என்று பிள்ளை சொன்னதும், பயிற்சிக்குச் சரியான இடம் பிலிப்பைன்ஸ்தான் என்று அப்பா முடிவு செய்தார். ஜப்பானில் ஆடச் செலவு அதிகம். பிலிப்பைன்ஸில் பனிக்காலம் கிடையாது, வருடம் முழுக்க ஆடலாம், செலவும் குறைவு. உலகத்தரமான ஆட்டக்காரரை உருவாக்க ஒரு குடும்பம் நாடு தேடியபோது அது பிலிப்பைன்ஸாக இருந்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். அப்பாதான் பயிற்சியாளர். மட்டை வீச்சுக்கு முன்மாதிரி வட அயர்லாந்து வீரர் ரோரி மெக்கில்ராய், அவருடைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியது. இருவருடைய வீச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடுப்பு திரும்பும் விதம் அப்படியே இருக்கும்.

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. சாசோவுக்கு 17 வயது. கடைசிக் குழியில் ஈகிள் அடித்து, அதாவது நிர்ணயித்த எண்ணிக்கையைவிட இரண்டு அடி குறைவாக முடித்து, தனிநபர் தங்கம். பியாங்கா பக்தாங்கனன், லோயிஸ் கே கோ இருவரோடும் சேர்ந்து அணித் தங்கம். பியாங்காவுக்குத் தனிநபர் வெண்கலமும் கிடைத்தது. அந்தப் போட்டியில் பிலிப்பைன்ஸுக்கு மொத்தமே நான்கு தங்கம். பளுதூக்குதலில் ஒன்று, ஸ்கேட்போர்டில் ஒன்று, கோல்ஃபில் இரண்டு. நான்கும் பெண்கள் வாங்கியது. எங்கள் அலுவலகத்தில் அதுவரை கோல்ஃப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள்கூட அந்த வாரம் பேசினார்கள்.

பிறகு தொழில்முறை ஆட்டக்காரராக ஜப்பான் தொடரில் சேர்ந்தார். 2020 ஆகஸ்டில் அடுத்தடுத்து இரண்டு போட்டிகளை வென்றார். தொற்றுக்காலம் என்பதால் பார்வையாளர்களே இல்லாத மைதானங்கள்.

இனி 2021 ஜூன். சான் பிரான்சிஸ்கோவின் ஒலிம்பிக் கிளப். அந்த மைதானம் டேலி சிட்டியை ஒட்டி இருக்கிறது. பிலிப்பைன்ஸ் மக்கள் கூட்டம் கூட்டமாகக் குடியேறிய ஊர் அது. அதனால் அமெரிக்காவில் ஆடினாலும் சாசோவுக்குச் சொந்த ஊர்க் கூட்டம் இருந்தது. கடைசி நாள் ஆட்டம் மணிலாவில் எங்களுக்குத் திங்கட்கிழமை விடியற்காலை. கடைசிக் குழுவில் மூன்று பேர்: ஒரு அடி முன்னணியில் இருந்த அமெரிக்காவின் லெக்சி தாம்சன், சாசோ, அப்புறம் இந்திய வம்சாவளிப் பெண் மேகா கன்னே, 17 வயது பள்ளி மாணவி. நான் ஒரு கண்ணை மேகா மீதும் ஒரு கண்ணை சாசோ மீதும் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது குழியில் சாசோ இரட்டை போகி, இரண்டு அடி அதிகம். மூன்றாவது குழியிலும் அதே. அவ்வளவுதான், முடிந்தது என்று எழுந்து காபி போடப் போய்விட்டேன். ஒரு கட்டத்தில் தாம்சன் ஐந்து அடி முன்னால் இருந்தார். பின்பாதி ஒன்பது குழிகளில்தான் எல்லாம் புரண்டது. தாம்சன் குழிக்குக் குழி கைவிட்டுக்கொண்டே வந்தார், பார்க்கவே வேதனையாக இருந்தது. சாசோ மட்டும் எதுவும் நடக்காதது போல் நடந்துகொண்டிருந்தார். 16, 17 இரண்டிலும் பேர்டி, ஒவ்வொரு அடி லாபம். கடைசிக் குழியிலும் போகி வாங்கிய தாம்சன் ஒரே ஒரு அடியில் வெளியே போனார்.

முன்னாலேயே ஆடி முடித்திருந்த நாசா ஹதாவோக்காவும் சாசோவும் சமநிலை. ஹதாவோக்கா ஜப்பான்காரர். இரண்டு குழி கூடுதல் ஆட்டத்திலும் இருவரும் சமம். பிறகு ஒன்பதாவது குழிக்குத் திரும்பி வந்தார்கள். சாசோவின் அடுத்த அடி குழியிலிருந்து சுமார் மூன்று மீட்டர் தூரத்தில் போய் நின்றது. அதை உள்ளே தள்ளினார். அப்போது அவருக்கு 19 வயது 11 மாதம் 17 நாள். அந்தப் போட்டியை மிகக் குறைந்த வயதில் வென்றவர் 2008-இல் கொரியாவின் இன்பீ பார்க், அவருக்கும் அன்று அதே 19 வயது 11 மாதம் 17 நாள்! எதிர் வீட்டு அம்மா கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் வந்து நின்று அழுதார். கோல்ஃப் விதி ஒன்றுகூடத் தெரியாதவர். குயாவுக்கு போன் செய்தேன், கொஞ்ச நேரம் அவரால் பேச முடியவில்லை.

ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸுக்காக ஆடி ஒன்பதாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்த வருடக் கடைசியில்தான் செய்தி வந்தது: ஜப்பானியக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கிறார். பிறப்பால் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் 22 வயதுக்குள் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும் என்பது அப்போதைய ஜப்பான் சட்டம். சிலர் கோபப்பட்டார்கள், பலர் வருத்தப்பட்டார்கள். மாதத்துக்கு மாதம் நாடு விட்டு நாடு போய் ஆடிச் சம்பாதிக்க வேண்டியவருக்கு எந்த பாஸ்போர்ட் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விசா வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். குயா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அப்பா பக்கம் போயிருக்கிறாள் சார், அந்நியர் வீட்டுக்கா போனாள்?"

2021 வெற்றிக்குப் பிறகு மூன்று வருடம் பட்டமே இல்லை. 2023-இல் மேஜர்களில் ஒன்றான மகளிர் பிஜிஏ போட்டியில் ஒரே ஒரு அடியில் இரண்டாம் இடம். முதல் வெற்றி அதிர்ஷ்டம் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

2024 ஜூனில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் மைதானம். கொடூரமான மைதானம் என்றே சொல்லலாம். உலகின் முதல் நிலை வீராங்கனை நெல்லி கோர்டா முதல் நாளே பன்னிரண்டாவது குழியில் பத்து அடி எடுத்தார், மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி அது. கடைசி நாளில் சாசோவும் ஆறாவது குழியில் இரட்டை போகி வாங்கினார். ஆனால் கோர்டாவை விழுங்கிய அதே பன்னிரண்டில் பேர்டி, 13-இல் பேர்டி, 15, 16 இரண்டிலும் பேர்டி. நான்கு நாள் முடிவில் நிர்ணய எண்ணிக்கைக்குக் கீழே இருந்தவர்கள் இரண்டே பேர். சாசோ நான்கு அடி கீழே, ஜப்பானின் ஹினாகோ ஷிபுனோ ஒரு அடி கீழே. 2021-இல் பரிசு 10 லட்சம் டாலர், இந்த முறை 24 லட்சம்.

கோப்பையோடு பேசும்போது, 2021-இல் பிலிப்பைன்ஸுக்காக ஆடி அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தேன், இந்த முறை ஜப்பானுக்காக ஆடி அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தேன் என்ற பொருளில் சொல்லிக் கண் கலங்கினார். உங்கள் கேள்விக்கு அவரே சொன்ன பதில் இதுதான்.

நான் பிலிப்பைன்ஸ் என்று சொல்வதற்குக் காரணம், குயாவைப் போன்றவர்களின் முகம். அந்த வீச்சு அந்த வெயிலில், அந்தப் புல்லில் பழகியது. பிலிப்பைன்ஸ் மொழியான தகலாகு அவர் வாயில் இன்றும் சரளமாக வரும். ஜப்பான்காரர் ஒருவர் இதற்கு எதிராக எழுதினாலும் மறுக்க மாட்டேன், அவர்களுக்கும் நியாயம் இருக்கிறது.

அதே 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக். சாசோ ஜப்பான் உடையில் ஆடினார். ஜகார்த்தாவில் அவரோடு தங்கம் வாங்கிய பியாங்கா பக்தாங்கனன் பிலிப்பைன்ஸ் உடையில் ஆடி நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். வெண்கலம் ஒரே ஒரு அடியில் போனது. நான் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் குயாவிடமிருந்து செய்தி வந்தது: "பார்த்தீர்களா சார், ஒரு அடி. அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ்."