கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தாவின் தம்பி முப்பது வயதிலேயே மூச்சுத்திணறி இறந்தது ஏன்?

வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்குப் போன பல குடும்பங்களில் இப்படி ஓர் இளவயதுச் சாவு உண்டு. பாறை சரிந்த விபத்து இல்லையென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது சிலிக்கோசிஸ்: கல்தூசி படிந்து நுரையீரல் இறுகிப்போகும் நோய்.

அங்கே தங்கம் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காப் பாறைக்குள் இருந்தது. அதைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்காத் தூசியில் மிக நுண்ணியது கண்ணுக்கே தெரியாது. மூக்கு அதைத் தடுக்காது, இருமினாலும் முழுதாக வெளியேறாது. உள்ளே தங்கிய துகளைச் சுற்றி உடல் தழும்பு கட்டிக்கொண்டே போகும். சிமெண்ட் பிடித்துக் காய்ந்த பஞ்சு போல நுரையீரல் விரிய மறுக்கும். வேலையை விட்டு ஊர் திரும்பினாலும் தழும்பு வளர்வது நிற்காது. அதுதான் இதில் பெரிய கொடுமை.

"டிபி என்றுதானே வீட்டில் சொன்னார்கள்?" என்று பலர் கேட்பார்கள். சிலிக்கா கெடுத்த நுரையீரலில் காசநோய் எளிதில் பிடிக்கும். எனவே டிபி என்பது உண்மையாக இருந்தாலும், அதற்கு வழிவிட்டது சுரங்கத் தூசியாக இருக்கலாம்.