பாவித்த லெப்டொப், மிச்சமிருக்கும் வொறண்டி: கேள்வியும் பதிலும்

மட்டக்களப்பு டவுனில் லெப்டொப் திருத்துகிற வேலை செய்கிறேன். என் மேசைக்கு வருகிற பாவித்த மெஷின்களில் சிலதுக்குக் கம்பனி வொறண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், வைத்திருப்பவருக்கே அது தெரியாது. சும்மா கிடைக்க வேண்டிய திருத்தத்துக்கு ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் காசு கட்டுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால் வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துப் பதில் தருகிறேன்.

செங்கலடியிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி: அண்ணா, சீனியர் அக்கா ஒருவரிடம் டெல் லெப்டொப் ஒன்று வாங்கினேன். இப்ப திரை கறுத்துப் போச்சு, ஃபேன் சத்தம் மட்டும் கேட்குது. 3 வருச வொறண்டி எண்டு அவ சொன்னா, ஆனா பில் துலைஞ்சிட்டாம். எனக்கு வொறண்டி கேட்க ஏலுமா?

கேட்கலாம் தங்கச்சி. டெல் மெஷினின் அடிப்பக்கத்தில் 7 எழுத்தும் இலக்கமும் கலந்த சேர்விஸ் டாக் இருக்கும். அதை டெல் இணையத்தளத்தில் போட்டால் வொறண்டி எப்ப முடிகிறது, எந்த நாட்டுக்கு விற்ற மெஷின் என்று வந்துவிடும். பில்லை விட முதலில் பேசுவது அந்த இலக்கம்தான்.

அதோடு உரிமை மாற்றம் என்று ஒரு படிவம் அதே தளத்தில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வாங்கினால் புத்தகத்தில் பெயர் மாற்றுகிறோமே, அது போலத்தான். பழைய சொந்தக்காரரின் விவரத்தையும் கேட்கும், ஆகவே அந்த அக்கா கம்பஸை விட்டுப் போக முதல் இதை முடித்துவிடுங்கள். அவவிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்: இன்ன இலக்க மெஷினை இன்ன திகதியில் இன்ன விலைக்கு விற்றேன் என்று, கையெழுத்தோடும் அடையாள அட்டை இலக்கத்தோடும். வாங்கிய கடை ஞாபகம் இருந்தால் பில்லின் பிரதியை அங்கேயே கேட்கலாம்.

சேர்விஸ் சென்டருக்குப் போக முதல் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மெஷினை நிறுத்திவிட்டு, கீபோர்டில் டி எழுத்தை அழுத்தியபடியே பவர் பட்டனை அழுத்துங்கள். திரை நன்றாக இருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் மாறி மாறி வரும். எதுவும் வராவிட்டால் திரை, அதன் கேபிள், மதர்போர்ட் (மெஷினின் பிரதான சர்க்கிட் பலகை) மூன்றில் ஒன்றில் பழுது. பவர் லைட் மஞ்சளும் வெள்ளையுமாக மின்னினால் ஒவ்வொரு நிறமும் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணி எழுதுங்கள். பல மாடல்களில் மஞ்சள் 2, வெள்ளை 7 என்றால் திரைப் பழுது. மஞ்சள் 2, வெள்ளை 3 என்றால் ரேம் (தற்காலிக நினைவகம்) மெஷினுக்குத் தெரியவில்லை என்று பொருள். இந்த எண்களைச் சொல்லிப் பேசினால் சென்டரில் உங்கள் பேச்சைக் கவனித்துக் கேட்பார்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி: காக்கா, கட்டாரிலிருந்து வந்த ஒருவரிடம் வாங்கினது. அங்கத்தைய வொறண்டி இன்னும் 14 மாசம் இருக்கு. கொழும்பில செய்வாங்களா?

இந்தக் கேள்விதான் நம் பக்கத்தில் அதிகம், ஏனென்றால் காத்தான்குடியில் இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் வளைகுடாவிலிருந்து வந்த மெஷின்கள் நிறைய. வொறண்டி இருக்கிறது என்பது ஒன்று, அது இந்த நாட்டில் செல்லும் என்பது வேறொன்று. லெனோவோவில் திங்க்பேட் போன்ற அலுவலக மாடல்களுக்குப் பெரும்பாலும் சர்வதேச வொறண்டி இருக்கும். வீட்டுப் பாவனைக்கான மலிவு மாடல்கள் பலதுக்கு வாங்கிய நாட்டில் மட்டும்தான். சர்வதேசம் என்று இருந்தாலும் அந்த மாடல் இலங்கையில் விற்கப்படாததாக இருந்தால் சாமான் கிடைப்பது கஷ்டம்.

ஆகவே சீரியல் இலக்கத்தைப் பார்த்ததோடு நிற்காமல், அந்தக் கம்பனியின் இங்குள்ள ஏஜன்டுக்கு அந்த இலக்கத்தை ஈமெயிலில் அனுப்பி, இங்கே ஏற்பீர்களா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும். தொலைபேசியில் ஒருவர் ஓம் என்று சொன்னதை நம்பி இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகாதீர்கள். இலங்கையிலேயே வாங்கிய மெஷின் என்றால் அடியில் ஏஜன்டின் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட வேண்டாம், சில ஏஜன்டுகள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு ஆசிரியை: கடைப் பொடியன் ஒருவர் திறந்து பார்த்து ரேம் மாற்றினார். வொறண்டி போயிற்றா?

போகவில்லை ரீச்சர், பெரும்பாலும். ரேம், எஸ்எஸ்டி (ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்) மாற்றுவதற்காகத் திறப்பதைப் பல கம்பனிகள் அனுமதிக்கின்றன. திறந்தபோது உடைந்ததைத்தான் ஏற்க மாட்டார்கள். பழைய ரேமைத் திரும்பப் போட்டுவிட்டுக் கொடுங்கள். மதர்போர்ட்டில் ஈயம் வைத்த அடையாளம் இருந்தால் கதை முடிந்தது, அதனால்தான் வொறண்டி மெஷினை எந்தக் கடைக்கும் முதலில் கொடுக்காதீர்கள் என்கிறேன். என் கடைக்கும்தான்.

சம்மாந்துறையிலிருந்து: பட்டரி வீங்கி டச்பேட் மேலே எழும்பிட்டு. மெஷினுக்கு 3 வருசம் இருக்கே?

முதலில் சார்ஜரைக் கழற்றி மெஷினை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். அந்த நிலையில் பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்புவது ஆபத்து, தீப்பிடிக்கலாம். மெஷினுக்கு 3 வருசம் என்றாலும் பட்டரிக்கு வழமையாக 1 வருசம்தான். அது தாண்டியிருந்தாலும் சென்டரில் கேட்டுப் பாருங்கள், வீக்கம் பாதுகாப்பு விஷயம்.

ஏறாவூரிலிருந்து: மாரி வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தப்போ நனைஞ்சது. வொறண்டியில செய்வாங்களா?

இல்லை. தண்ணீர், இடி மின்னல், விழுந்து உடைவது எதுவும் சாதாரண வொறண்டியில் சேராது. தற்செயல் சேதத்துக்கென்று தனியாக வாங்கியிருந்தால் மட்டும் பேசலாம். நனையவில்லை என்று பொய் சொல்லவும் வேண்டாம், உள்ளே துரு காட்டிக்கொடுக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாணவன்: மதர்போர்ட் வொறண்டியில் மாற்றித் தந்தார்கள். இப்ப போட்டால் நீலத் திரையில் 48 இலக்கம் கேட்குது. பழைய சொந்தக்காரர் ஃபோன் எடுக்கிறார் இல்லை.

அது பிட்லொக்கர், தம்பி. விண்டோஸ் 11 பல மெஷின்களில் தானாகவே டிஸ்க்கைப் பூட்டி, சாவியை மைக்ரோசொஃப்ட் கணக்கில் வைக்கும். போர்ட் மாறியதும் மெஷின் தன்னைத்தானே அடையாளம் காணாமல் சாவியைக் கேட்கிறது. கணக்கு பழையவருடையது என்றால் சாவியும் அவரிடம்தான். அது இல்லாமல் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். பொறுமையாக அவரைத் தேடுங்கள், குடும்பத்தவர் வழியாக என்றாலும். கிடைக்காவிட்டால் புதிதாக விண்டோஸ் போட்டு மெஷினைப் பாவிக்கலாம், ஃபைல்கள் போய்விடும். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: பாவித்த லெப்டொப் வாங்கிய அன்றே முழுவதும் அழித்து உங்கள் கணக்கில் விண்டோஸ் போடுங்கள். சென்டருக்குக் கொடுக்க முதல் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: 6 மாச வொறண்டி எண்டு சொல்லி வித்த கடைக்காரர் இப்ப கையை விரிக்கிறார்.

வியாபாரி என்றால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கேட்டால் அவர் பற்றுச்சீட்டு தரத்தான் வேண்டும். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், இந்தக் கெடுவைப் பலர் தவறவிடுகிறார்கள். தனி ஆளிடம் வாங்கியது என்றால் இந்த வழி இல்லை, மத்தியஸ்த சபைக்குப் போகலாம்.

திருக்கோவிலிலிருந்து ஒரு தங்கை: இன்னும் வாங்கல்ல அண்ணா. மேக்புக் ஒண்டு பேசி வச்சிருக்கன். என்ன பார்க்கணும்?

வாங்க முதல் கேட்டது நல்லது. ஆப்பிளில் 1 வருச வொறண்டி மெஷினோடு போகும், சீரியல் இலக்கத்தை ஆப்பிள் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரில் அல்லது பெட்டியில் உள்ள இலக்கமும் திரையில் தெரியும் இலக்கமும் ஒன்றா என்று பார்ப்பது எந்தக் கம்பனி மெஷினுக்கும் முக்கியம். வேறுபட்டால் மதர்போர்ட் மாறியிருக்கலாம், அல்லது களவுச் சாமானாக இருக்கலாம். எச்பி என்றால் எஃப்என் கீயோடு எஸ்கேப்பை அழுத்தினால் பல மாடல்களில் இலக்கம் வரும்.

மேக்புக்கில் இன்னொன்று: விற்பவரின் ஆப்பிள் கணக்கில் பூட்டப்பட்டிருந்தால் வொறண்டி இருந்தும் பாவிக்க முடியாது, முதல் வாங்கிய பில் இல்லாமல் கம்பனி திறந்து தரவும் மாட்டாது. உங்கள் முன்னாலேயே அவர் கணக்கிலிருந்து வெளியேறி, மெஷினை அழித்து, நீங்கள் உங்கள் பெயரில் ஆரம்பித்த பிறகு காசைக் கொடுங்கள்.